உமி ஷெட் கடிகாரம்

யாரையாவது கூப்பிட்டால், பதில் வரும்வரை என் கணவருடைய வலது கட்டைவிரல் சும்மா இருக்காது. சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக ஏறும். தெருமுனையில் நின்று "கலா" என்று குரல் கொடுத்துவிட்டு எண்ணுவார். போன் போட்டுவிட்டு எண்ணுவார். கோயிலில் அர்ச்சனைத் தட்டை உள்ளே நீட்டிவிட்டு, அது திரும்பி வரும்வரை எண்ணுவார். கல்யாணமாகி இருபத்தொரு வருடமாக இதைப் பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் ஏதோ ஜபம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மாடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது, "பதினாலு. நேத்து ஒம்போதுலயே வந்துட்ட" என்றார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

அவர் பெயர் சக்கரபாணி. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். என் மாமனார் அப்பாசாமி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வாழ்ந்தவர். மகன் நிலத்தில் இறங்க வேண்டாம் என்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுக்கும் வேலை. திருவண்ணாமலை டவுனில் அவர் ஏறாத கம்பம் கம்மி. கல்யாணத்தின்போது அவர் தோளில் ஏணி அழுத்திய காய்ப்பு இருந்தது. பேச்சு குறைவு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கும் வெளியாட்கள் முன்னால் வாய் வராது. பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று இரண்டு வீட்டிலும் கவலைப்பட்டார்கள்.

கேபிள் தொழில் படுத்துப்போன பிறகு கீழ்பென்னாத்தூர் சாலையில் இருக்கும் ஒரு பெரிய அரிசி ஆலையில் சேர்ந்தார். எங்கள் மகள் கவிநிலா அப்போது ஐந்தாவது. ஆலையில் எல்லாம் புது இயந்திரம். ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டே நெல் அவிப்பது முதல் உமி தள்ளுவது வரை ஓட்டலாம். அந்த அறைக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். அவரை இரண்டு வாரம் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

பயிற்சி எதற்கென்றால், சுவிட்ச் என்று ஒரு பெட்டிக்கு. வீட்டில் விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை இது. செங்கல் அளவு தகரப் பெட்டி. இயந்திரம், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றின் ஒயர்களும் அதில் வந்து சொருகியிருக்கும். ஒன்று அனுப்பும் செய்தியை அது இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கம்ப்யூட்டர் வழியாக அந்தப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து அதைக் கேள்வி கேட்கலாம், கட்டளை போடலாம். ஆலையில் அப்படி ஆறு பெட்டிகள். ஆலைக்காரர்கள் அதைப் பெட்டி என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்னச் செய்தி அனுப்புவார். அது போன வேகத்தில் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரமானது என்று திரையில் விழும். ஒரு நொடியை ஆயிரமாக உடைத்தால் வரும் மில்லி செகண்ட் கணக்கில் அது இருக்கும். கடைசியில் இருக்கிற உமி ஷெட்டுக்குப் போய்வர நான்கு. அதைப் பாதியாக்கி, 'ஒருவழி: இரண்டு' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏழு வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. தீபத்தன்று ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் போய் எழுதிவிட்டு வருவார்.

அந்த இரண்டு மில்லி செகண்டுக்கு ஒரு காரணம் இருந்தது. உமி ஷெட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அதை அமுக்கினால், பள்ளத்தில் சுழன்று உமியைத் தள்ளும் நீளமான இரும்புத் திருகு நின்றுவிடும். முதலில் அதற்குத் தனி ஒயர் இருந்தது. அரிசி ஆலையில் எலிக்குப் பஞ்சமில்லை. மூன்று முறை ஒயரைக் கடித்துத் துண்டாக்கியபின், பொத்தானின் செய்தியையும் பெட்டி வழியாகவே அனுப்பிவிடும்படி மேனேஜர் மூர்த்தி சொன்னார். இவர்தான் மாற்றிக் கொடுத்தார். பெட்டி மெதுவானால் பொத்தானும் மெதுவாகும். அதனால்தான் தினமும் அளந்தார்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை மாதம். இடி விழுந்து உமி ஷெட் பெட்டி கருகிவிட்டது. புதுப்பெட்டி வந்தது. முதலாளி சென்னையில் இருப்பவர். ஆலையில் புதிதாக எதை ஓட்டினாலும் நல்ல நேரத்தில்தான் ஓட்டவேண்டும், ஓட்டியதற்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்பது அவர் கட்டளை. அன்றைக்கு நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். எலி கடித்த ஒயர்களைச் சரிசெய்து முடிப்பதற்குள் பத்து ஐம்பது. ராகு காலம் ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வரை ஆலையை நிறுத்தி வைக்க முடியாது, நெல் அவிந்து கிடக்கிறது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"மூர்த்தி சார் வந்து தலைல கைய வச்சிக்கினு உக்காந்துட்டாரு. 'ராகு காலத்துல ஓட்டுனேன்னு தெரிஞ்சா முதலாளி என்னை உமியோட சேத்துக் கொளுத்திடுவாரு பாணி'ங்கறாரு. நான் பொட்டிக்குள்ள போயி கடிகாரத்த ஒம்போது அம்பத்தெட்டுக்குத் திருப்பி வச்சி ஸ்டார்ட் பண்ணேன். சூடம் ஏத்தி, ஸ்க்ரீன படம் புடிச்சி அனுப்பியாச்சு. நல்ல நேரம் வந்துச்சா இல்லியா?"

"சாமி பாக்காதா?" என்றாள் கவிநிலா.

"சாமிகிட்ட ஏது கடிகாரம்?"

நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விடமுடியாது.

சாதாரணமாக அந்தப் பெட்டிகள் கன்ட்ரோல் ரூம் பெட்டியைக் கேட்டுத் தாமாகவே மணியைத் திருத்திக்கொள்ளும். அதை நிறுத்தினால்தான் கையால் திருப்ப முடியும். நிறுத்தித் திருப்பினார். மத்தியானம் தன் போனைப் பார்த்துக் கையாலேயே மணியைச் சரிசெய்தார். தானாகத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை மறுபடி போட மறந்துவிட்டார். மறுநாள் காலை வழக்கம்போலச் செய்தி அனுப்பினார். போய்வர நான்கு. பாதி இரண்டு. கையெழுத்து.

உமி ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் தனமும் அவள் தம்பி வேணுவும். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. அம்மா ராணியம்மாள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போடுவாள். தனம் புருஷன் விட்டுப் போனவள், முப்பத்தைந்து வயது. நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். தனத்துக்கு ஜாக்கெட் தைப்பது நான்தான். கை இறக்கம் அரை இஞ்ச் கூடினாலும் திரும்பக் கொண்டுவந்து, "இன்னாக்கா, உன் ஊட்டுக்காரர் ஆயிரத்துல ஒண்ண அளக்கறாரு, உனக்கு அரை இஞ்ச் தெரியலியா?" என்று வாரிவிடுவாள். அவள்தான் தம்பியை ஆலையில் சேர்த்துவிட்டவள்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் இருக்கும். திருகு போகும் பள்ளத்தில் உமி அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் குத்தவேண்டும். வேணு நிறுத்தாமல் கழியால் குத்தினான். கழியோடு சேர்த்து அவன் வலது கையைத் திருகு உள்ளே இழுத்துக்கொண்டது. எட்டடி தூரத்தில் படிமேல் இருந்த தனம் பொத்தானை அமுக்கினாள். திருகு நின்றபோது கை முழங்கைக்கு மேல்வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தோள்பட்டையோடு எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் தொழிற்சாலைத் துறை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். கன்ட்ரோல் ரூமில் வைத்துக் கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பள்ளத்தைப் பார்த்த கேமரா அது, தனம் இருந்த படி அதில் தெரியாது. வேணுவின் கை உள்ளே போகும்போது படத்தின் மூலையில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு, பத்து நொடி. பொத்தான் அமுக்கியது கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டு, பதினைந்து நொடி.

"அஞ்சு செகண்ட் இன்னாம்மா பண்ண?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"கை உள்ள போச்சு, அமுக்குனேன் சார்."

"அதுக்கு அஞ்சு செகண்டா?"

"ஒடனே அமுக்குனேன் சார்."

அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "லைன்ல லேட் ஆயிருக்குமா?"

இவர் தாளை நீட்டினார். "ஒருவழிக்கு ரெண்டு மில்லி செகண்ட் சார். டெய்லி பாக்கறேன்."

"கடிகாரம் எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார்."

அவ்வளவுதான். தனத்தின் போனில் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு எடுக்காத அழைப்பு ஒன்று இருந்தது. போனை நோண்டிக்கொண்டிருந்தாள் என்று முடிவாகிவிட்டது. ஆலை அவளை நிறுத்தியது. அன்று சாயங்காலத்துக்குள் அடி அண்ணாமலை முழுவதும் 'அஞ்சு செகண்டு' என்பதுதான் பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை நிறுத்தி நிறுத்தி எண்ணிக் காட்டினாள். எண்ணிப் பார்த்தால் ஐந்து நொடி நீளமானதுதான். எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள்.

ராணியம்மாள் மகளின் துணிமணிகளைத் தூக்கித் தெருவில் போட்டாள். "கூடப் பொறந்தவன் கத்தறான், போனு பாத்துக்கினு இருந்திருக்கா. என் வாசல்ல அவ நிழல் படக்கூடாது" என்றாள். தனம் தன்னோடு வேலை பார்த்த ஜோதியம்மாள் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அம்மா வார்டு வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

என் கணவர் அந்த நாட்களில் ஒழுங்காகச் சாப்பிட்டார், ஒழுங்காகத் தூங்கினார். தனத்துக்காக வருத்தப்பட்டார். "பாவம், ஒரு நிமிஷம் கவனம் தப்பிடுச்சு" என்றார். அவர் அப்போது எதையும் மறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அனுப்பறதுக்கு முன்னாடியே வந்து சேந்துடுச்சு கலா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு புதுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். அதில் போகும் நேரம் தனியாகவும், வரும் நேரம் தனியாகவும் எழுதவேண்டும், பாதியாக்கி எழுதக்கூடாது என்று இருந்ததாம். அதற்கும் பெட்டிக்குள் வழி உண்டு. அனுப்பும் பெட்டி தன் மணியைச் செய்தியில் எழுதி அனுப்பும். வாங்கும் பெட்டி தன் மணியைப் பார்த்துக் கழித்துச் சொல்லும். அவர் முதல் முறையாக அந்த அளவை எடுத்திருக்கிறார். உமி ஷெட்டிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு வர, நான்கு நொடிக்குக் கொஞ்சம் கம்மி. கன்ட்ரோல் ரூமிலிருந்து உமி ஷெட்டுக்குப் போக, அதே நான்கு நொடி, முன்னால் கழித்தல் குறி. போன செய்தி கிளம்புவதற்கு நான்கு நொடி முன்பே போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. இரண்டையும் கூட்டினால் பழைய நான்கு மில்லி செகண்ட்.

"புரியல" என்றேன்.

"நான் தெருமுனைல இருந்து உன்னக் கூப்புடறேன். நீ பதில் சொல்ற. எவ்ளோ நேரம் ஆச்சுன்னு என் கைல எண்ணிக்கறேன். உன் ஊட்டுக் கடிகாரம் நாலு மணி நேரம் தப்பா ஓடுனாக்கூட எனக்கு இன்னா தெரியும்? நான் அதப் பாக்கவே இல்லியே. எனக்கு அது தேவையே படல."

"தப்பா ஓடுதா?"

"உமி ஷெட் பொட்டி நாலு செகண்ட் பின்னாடி ஓடுது. ஷெட்டுல இருக்கற கேமரா எல்லாம் அந்தப் பொட்டிகிட்டதான் மணி கேக்குது."

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "படத்துல பத்துன்னு இருக்கறது நெசத்துல பதினாலு. பதினஞ்சுல அமுக்கியிருக்கா. ஒரு செகண்டு. மனுஷனால அதுக்கு மேல முடியாது."

நல்ல நேரத்துக்காகத் திருப்பிய கடிகாரம் அது. இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் மூர்த்தி எங்கள் வீட்டுக்கே வந்தார். கடிகார விஷயத்தை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கப்போவதாக அன்று காலையில் இவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். சுவர் மறைத்தாலும் பேச்சு கேட்கும் வீடு எங்களுடையது.

"இன்னான்னு எழுதிக் குடுப்ப? ராகு காலம் வந்துடுச்சு, அதனால கடிகாரத்த மாத்துனேன்னா? கேக்கறவன் சிரிப்பான் பாணி. சிரிச்சிட்டு உன்னப் புடிச்சி உள்ள வப்பான்."

"நீங்க சொல்லித்தான சார் பண்ணேன்."

"நான் நல்ல நேரத்துல ஓட்டுன்னு சொன்னேன். கடிகாரத்த மாத்துன்னு சொன்னனா? கையெழுத்து யாருது? அன்னிக்கி அதிகாரி முன்னாடி எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னது யாரு?"

மூர்த்தி குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்தப் பையன் பொழச்சிட்டான். கை போனது போனதுதான். அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல வேல கெடைக்காதா? உன் பொண்ணு பன்னெண்டாவது. யோசி." காப்பி டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. "தங்கச்சி, காப்பி பிரமாதம்மா" என்று என் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார். நான் அடுப்பைத் துடைத்தேன். சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன். நான் கவிநிலாவின் பரீட்சையைப் பற்றி ஏதோ பேசினேன்.

அதற்கு மறுநாள், இருபத்தோராம் நாள், ஆஸ்பத்திரியில் வேணுவைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராணியம்மாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வேணுவுக்கு ஜுரம். உதடு வெடித்திருந்தது. இருபத்தாறு வயதுப் பையன், போர்வைக்குள் ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது. சாத்துக்குடி உரித்து வாயில் வைத்தேன்.

"யக்கா," என்றான். "எங்கக்காவ பாத்தியா?"

"பாத்தேன்."

"அஞ்சு செகண்டுங்கறாங்க. எனக்கு எண்ணல்லாம் தோணல. கத்துனதுதான் ஞாபகம் இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "கோவம் இல்லக்கா. இன்னா பண்ணிக்கினு இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன். போனா, இல்ல யார்கூடயாவது பேசிக்கினு இருந்துச்சா. அது தெரிஞ்சா போதும்."

பதில் என் வாயில் இருந்தது. ஒரே வரி. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது, ராணியம்மாள் எந்த நேரமும் வந்துவிடுவாள். கவிநிலாவின் படிப்பு, அவர் போட்ட கையெழுத்து எல்லாம் ஞாபகம் வந்தது.

"கேட்டுச் சொல்றேன்பா" என்றேன்.

இன்னும் இரண்டு சுளை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருபத்துமூன்றாம் நாள் விடிந்தபோது வேணு இறந்துவிட்டான். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். தனத்தை முகம் பார்க்க விடவில்லை. பாடை தெருவைத் தாண்டும்போது ஜோதியம்மாள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாளாம்.

என் கணவர் சாவுக்குப் போய்விட்டு வந்து குளித்தார். அதன்பிறகு தினமும் வேலைக்குப் போனார். காலையில் அளந்தார், எழுதினார். உமி ஷெட் கடிகாரத்தை அவர் திருத்தவில்லை. திருத்தினால் தடம் அழிந்துவிடும் என்று பிறகு சொன்னார். எதற்காகத் தடத்தை வைத்திருந்தார் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவார். ஒரு நாள் சவரம் செய்துகொண்டே பாதிக் கன்னத்தில் நுரையோடு வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தார் என்னிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வேணுவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மட்டும் போனேன். தம்பியின் காரியத்தில் அக்கா செய்யவேண்டியவை சில உண்டு. அதை ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி செய்தாள். பந்தலில் இருந்து பார்த்தால் தெருமுனை தெரியும். அங்கே, மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் தனம் உட்கார்ந்திருந்தாள். நான் தைத்துக் கொடுத்த பச்சை ஜாக்கெட். யாரும் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, பிண்டம் எடுத்துக்கொண்டு போனபோது அவள் எழுந்து நின்றாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். மறுபடி உட்கார்ந்தாள். பந்தி முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை அப்படியே அவரிடம் சொன்னேன். வேணு ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டதையும் சொன்னேன். அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும், "அவன் கேட்டானா?" என்றார். "கேட்டான்" என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன்.

ராணியம்மாள் வீட்டில் பந்தி எடுத்த இலைகள் இன்னும் வாசலில் கிடந்தன. உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இவர் வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"தனம் லேட்டா அமுக்கல," என்றார். "ஒடனே அமுக்குனா. படத்துல இருந்த மணி தப்பு. தப்பு ஆனது என்னால."

யாரோ, "இன்னாய்யா சொல்ற?" என்றார்கள். இவர் நல்ல நேரம், ராகு காலம், பெட்டி, கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னார். மில்லி செகண்ட் என்று ஆரம்பித்துத் தடுமாறினார். கடைசியில், "என் கடிகாரம் நாலு செகண்ட் பின்னாடி ஓடுச்சு, அந்த நாலையும் நான் தனம் தலைல வச்சிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்தது.

ராணியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. நேற்றுத்தான் தெரியும் என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் போறதுக்கு நாலு நாள் முன்னாடி" என்றார்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். வேணுவின் சித்தப்பா ஒருவர் எழுந்து வந்தார். சட்டையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். ராணியம்மாள் எங்களைத் தாண்டி நடந்தாள். இலைகளை மிதித்துக்கொண்டு தெருமுனை வரை போனாள். மூடிய கடைக்கு முன்னால் நின்றாள். மகளைத் தொடவில்லை, கட்டிக்கொண்டு அழவும் இல்லை.

"வா. சோறு இருக்குது" என்றாள்.

தனம் அம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்தாள். எங்கள் பக்கத்தில் வந்ததும் ஒரு நிமிடம் நின்றாள். இவர் கையைக் கூப்பினார்.

"நான் ஒடனே அமுக்குனேன்னுதான சொன்னேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ஆஸ்பத்திரிக்குப் போனியாமே. ஜோதியம்மா சொல்லுச்சு."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அடுத்த நாள் அவர் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். போகும் நேரம், வரும் நேரம், கழித்தல் குறியோடு திரையைப் படமெடுத்துச் சேர்த்தார். சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமையையும் எழுதினார். கடிகாரம் திருத்தப்படாமல் இருந்ததால் அவர்களே வந்து அளந்து பார்க்க முடிந்தது. அதே வாரம் ஆலை அவரை நிறுத்தியது. பதிவுகளைத் திருத்தியதாகவும், விசாரணையில் தவறான தகவல் சொன்னதாகவும் அவர்மேல் வழக்குப் பதிவானது. மூர்த்தி தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு அனுப்பிய படத்தில் சூடத்துக்குப் பின்னால் ஒன்பது ஐம்பத்தெட்டு என்று தெளிவாக இருக்கிறது. அதை எடுத்தவர் யார் என்பதில்தான் இன்னும் தகராறு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தனம் தாமதிக்கவில்லை என்று இரண்டாவது அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. ஆலை திரும்பக் கூப்பிட்டும் அவள் போகவில்லை, செய்யாறில் ஒரு செருப்புக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறாள். அவளும் ராணியம்மாளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எங்களோடு பேசுவதில்லை. ஆலை ஓடுகிறது. சிவப்புப் பொத்தானுக்கு இரும்புக் குழாய்க்குள் தனி ஒயர் போட்டிருக்கிறார்கள். கவிநிலா கல்லூரியில் இரண்டாம் வருடம். என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்கிறார். வழக்கு வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது.